ஆர்மி டிஸ்போசல் வில்லிஸ் ஜீப், குன்னூர் குளிர்ல காலைல ஸ்டார்ட் ஆகல

ஜீப்ப 12 வோல்ட்டுக்கு மாத்தலாமான்னு கேக்குறீங்க, மாத்தாதீங்க, முதல்ல எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல இருக்கிற எர்த் ஸ்ட்ராப்ப (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற பின்னல் பட்டை) கழட்டிப் பாருங்க. பேட்டரி புதுசு, காலைல ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து நின்னுடுது, மத்தியானம் வெயில் ஏறுனா எடுக்குதுங்கிறீங்க, அப்ப எனக்கு சந்தேகம் அந்த பின்னல் பட்டை மேலதான், இந்த மலை ஈரத்துல போல்ட்டுக்கு அடியில துரு புடிச்சிருக்கும், அது மேல பச்சை பெயிண்ட் வேற அடிச்சு வச்சிருப்பாங்க.

1945 வண்டி, 6 வோல்ட். அதே வேலைக்கு 12 வோல்ட்டைவிட ரெண்டு மடங்கு ஆம்ப்ஸ் இழுக்கும். யாராவது ஒல்லி கேபிள் மாட்டியிருந்தா அதுவும் வேலைக்காகாது, விரல் தண்டிக்கு வேணும்.

செக் பண்ண: மீட்டர டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்ல (கிளாம்ப்ல இல்ல, ஈயத்துலயே), இன்னொண்ணு எஞ்சின் பிளாக்க சுரண்டுன இடத்துல. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாம இருக்க, காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற தடி ஒயர டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் புடுங்கி, அந்த முனைய எஞ்சின் இரும்புல தொட வச்சு எர்த் பண்ணிட்டு ஒருத்தர ஸ்டார்ட்டர மிதிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த்துதான் கோளாறு.

நியூட்ரல்ல போட்டு வீலுக்கு கல்லு வச்சிட்டு பண்ணுங்க, உங்க வீட்டு வாசல் சரிவுன்னு வேற சொல்றீங்க. மீட்டர் சரியா காட்டியும் மெதுவா சுத்துனா ஸ்டார்ட்டர கழட்டி புஷ் (தண்டு சுத்துற வளையம்), கார்பன் பிரஷ் பாக்கணும், அதுக்கு மெக்கானிக்க கூப்பிடுங்க.