ஒரு டாலர் வெற்றி: வாசகர் கேள்விகள்

அமெரிக்க விஞ்ஞானி மைக்கேல் மான் போட்ட அவதூறு வழக்கில் ஜெயித்தாரா, தோற்றாரா? ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்களே?
(வாசகர், திருச்சி)

வழக்கில் ஜெயித்தார், கணக்கில் தோற்றார். மர வளையங்கள், பவளம், பனிப்பாளம் ஆகியவற்றிலிருந்து பழைய வெப்பநிலையைக் கணித்து, 1998-ல் அவரும் இரு சகாக்களும் வெளியிட்டதுதான் 'ஹாக்கி மட்டை' வரைபடம்: நூற்றாண்டுகளாக ஏறக்குறைய சமமாக ஓடி, இருபதாம் நூற்றாண்டில் சட்டென்று மேலே ஏறும் கோடு. 2012 ஜூலையில் ராண்ட் சிம்பெர்க் என்பவர் மானை, மான் அப்போது பணியாற்றிய பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்து, சிறுவர்களிடம் அத்துமீறியதற்காக முந்தைய மாதம்தான் குற்றவாளியான சாண்டஸ்கியோடு ஒப்பிட்டு எழுதினார். பத்தி எழுத்தாளர் மார்க் ஸ்டெய்ன் அதை எடுத்துப்போட்டு, வரைபடமே மோசடி என்றார். அக்டோபரில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் வழக்கு.

2024 பிப்ரவரி 8-ல் ஜூரி, அவதூறுதான் என்றது. நஷ்டஈடு? ஆளுக்கு ஒரு டாலர்! தண்டனைத் தொகையாக சிம்பெர்க்குக்கு 1,000 டாலர், ஸ்டெய்னுக்கு 10 லட்சம். அந்த 10 லட்சத்தையும் 2025 மார்ச்சில் நீதிபதி 5,000 ஆகக் குறைத்துவிட்டார். ஒரு டாலர் நஷ்டத்துக்குப் பத்து லட்சம் அபராதம் என்பது அங்கே மேல்முறையீட்டில் நிற்பது கடினம்.

ஏன் ஒரே ஒரு டாலர்?
(வாசகி, மதுரை)

பெயர் கெட்டது என்று காட்டுவது ஒரு வேலை. அதனால் கையை விட்டுப் போனது எவ்வளவு என்று காட்டுவது வேறு வேலை. ஆராய்ச்சி மானியங்கள் கிடைக்காமல் போயின என்பது மானின் வாதம். மானியம் மறுக்கப்பட நூறு காரணம் இருக்கும். அந்தக் கட்டுரைதான் காரணம் என்று நிறுவ வேண்டும். இதில் எண்களும் காலை வாரிவிட்டன. ஒரு மானியத்தை முதலில் 97 லட்சம் டாலர் என்று சொல்லி, பிறகு 1,12,000 என்று திருத்தியிருந்தார்கள். ஜூரிக்குக் காட்டிய பட்டியலில் பழைய எண்ணே இருந்தது. நேர்மையற்ற செயல் என்று நீதிபதி மானையும் அவருடைய வக்கீல்களையும் கண்டித்து, எதிர்த்தரப்புக்கு அதனால் ஆன செலவைக் கொடுக்கச் சொன்னார். நேர்மையைக் காக்கப் போட்ட வழக்கில் இப்படி ஒரு வடு விழுந்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

விஞ்ஞானியை விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் இல்லையா?
(வாசகர், சேலம்)

விமர்சிக்கலாம், கடுமையாகவே. "இந்தப் புள்ளியியல் முறை தவறு, முடிவு அபத்தம்" என்பது கருத்து. "தரவுகளைத் திரித்தார்" என்றால் அது உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய குற்றச்சாட்டு. முன்னால் 'என் கருத்தில்' என்று ஒட்டினால் தப்பிக்க முடியாது என்று 1990-லேயே மில்கோவிச் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் வாதி பொது வாழ்வில் அறியப்பட்டவர் என்றால் சுமை கூடும். 1964-ன் சல்லிவன் தீர்ப்பு வழியே வந்த விதி இது: எழுதியவருக்குப் பொய் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது பொய்யாக இருக்கலாம் என்று பலமான சந்தேகம் இருந்தும் எழுதியிருக்க வேண்டும். வெறுப்பு மட்டும் போதாது, கவனக்குறைவும் போதாது. மானுக்குக் கைகொடுத்தவை, அவருடைய ஆராய்ச்சியில் தவறு நடக்கவில்லை என்ற விசாரணை அறிக்கைகள். அவை வந்த பிறகும் மோசடி என்று எழுதினார்கள் என்பதே அவர் வாதம்.

இதே விதிதான் ஸ்டெய்ன் எழுதிய நேஷனல் ரிவ்யூ பத்திரிகையைக் காப்பாற்றியது. அவர் அதன் ஊழியர் அல்ல. அவர் மனதில் இருந்ததைப் பத்திரிகையின் தலையில் கட்ட முடியாது என்று 2021-ல் விடுவித்தார்கள். பிறகு அதன் வழக்குச் செலவுக்காக மான் சுமார் 5.3 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவானது.

விசாரணைக்கு வரவே 11 வருடம் ஏன்?
(வாசகர், கோவை)

வாயடைக்கப் போடும் வழக்குகளை முளையிலேயே கிள்ள வாஷிங்டனில் தனிச் சட்டம் உண்டு. பிரதிவாதி 45 நாளில் மனு போட்டால், ஜெயிக்க வாய்ப்புண்டு என்று வாதி ஆதாரம் காட்ட வேண்டும். அதுவரை ஆவணப் பரிமாற்றம் நிற்கும். இங்கே மனு தள்ளுபடியானதும் மேல்முறையீடு. அதில் தீர்ப்பு 2016-ல். உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது 2019-ல். சீக்கிரம் முடிக்க வந்த சட்டமே வருடங்களைத் தின்றது.

சல்லிவன் விதி இந்தியாவில் செல்லுமா?
(வாசகி, நாகர்கோவில்)

பாதி. 1994-ல் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் வழக்கில், அரசு ஊழியர்களின் அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் அதையொட்டிய பாதுகாப்பைத் தந்தது. ஆனால் அது சிவில் நஷ்டஈட்டுக்கு. கிரிமினல் அவதூறு இன்னும் இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதா 356, இரண்டு ஆண்டு வரை சிறை.