வெயில் தாங்கும் புரதப் பொடி: வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எச்.எஃப். கலப்பினக் கறவை மாடுகள் இரண்டு வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து மூச்சிரைப்பு. 14 லிட்டர் கறந்த மாடு 9 லிட்டருக்கு இறங்கிவிட்டது. செல்லுக்குள் போய் வெயிலைத் தாங்க வைக்கும் புரதம் என்று கிலோ 900 ரூபாய்க்குக் கடையில் ஒரு பொடி தருகிறார்கள். எவ்வளவு கொடுக்க வேண்டும்?
- பெருந்துறை வாசகர்

பதில்: ஒரு கரண்டிகூட வேண்டாம். அப்படிப் புரதம் இருப்பது உண்மை. சூடுபட்ட பழ ஈக்களின் செல்லில் புது மரபணுக்கள் விழித்துக்கொள்வதை இத்தாலிய ஆய்வாளர் ரிட்டோசா 1962இல் எழுதினார். அந்த வழியில் பின்னால் தெரியவந்தவை இந்தப் புரதங்கள். உடல் சூடேறினால் செல்லிலுள்ள புரதங்களின் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அவற்றைப் பிடித்து நிறுத்தி, மறுபடி சரியாக மடிய விடுபவை எச்.எஸ்.பி.70 (வெப்ப அதிர்ச்சிப் புரதம்) போன்ற சாப்பரோன், அதாவது துணைப் புரதங்கள். முதுமையில் இந்தக் காவல் தளர்வதும், அல்சைமர் நோயாளியின் மூளையில் புரதம் கட்டியாகிச் சேர்வதும் இதோடு தொடர்புள்ளவைதான்.

ஆனால் ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. வாய்வழி போன புரதத்தில் பெரும்பங்கை முன்வயிற்று நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். மிச்சமும் குடலில் செரித்துப்போகும். செல்லுக்குள் போகும் என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, ராத்திரியில் மாடு ஆறுகிறதா என்பது. பகல் சூட்டைச் செல் சமாளிக்கும். குலைந்ததைச் சரிசெய்ய அதற்குக் குளிர்ந்த நேரம் வேண்டும். எல்லோரும் மதியம் தண்ணீர் ஊற்றிவிட்டு, சாயங்காலம் மாட்டைத் தகரக் கொட்டகைக்குள் அடைத்துவிடுகிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை: பொழுது சாய்ந்ததும் தோல் நனைய ஊற்றி, காற்றோட்டத்தில் வெளியே கட்டுங்கள். காற்று வராத கொட்டகைக்குள் தண்ணீர் தெளித்தால் புழுக்கம்தான் கூடும். தொட்டியில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிற்கட்டும். அடர்தீவனத்தை விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் பிரித்துப் போடுங்கள். மதியம் வேண்டவே வேண்டாம். அந்த 900 ரூபாய்க்குக் கூரைமேல் தென்னங்கீற்று வேயலாம்.

இன்னொன்று. விடியற்காலை 5 மணிக்கு ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். ராத்திரி ஆறியும் 39.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் நின்றால் அதை வெயில் என்று விட்டுவிடாதீர்கள். காதுக்குள்ளும் மடி இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். உண்ணி பரப்பும் தைலீரியா என்ற ரத்த நோய் கலப்பின மாட்டைச் சீக்கிரம் சாய்த்துவிடும்; அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழைத்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.