ஐரோப்பாவுக்கு வரும் அமெரிக்கர்கள் ஏசி இல்லை, ஐஸ் இல்லை, கழிப்பறைக்குக் காசு என்று ஏன் இவ்வளவு குறைப்படுகிறார்கள்? அவ்வளவு சொகுசுக்குப் பழகிப்போனவர்களா?

கேட்டவர் அநேகமாக சென்னையிலோ பெங்களூரிலோ ஐடி கம்பனியில் வேலை செய்கிறவர். அமெரிக்க மேலதிகாரி ஒருவர் பாரிஸ் போய்வந்து மீட்டிங்கில் அரை மணி நேரம் அழுதிருப்பார். நீங்கள் உள்ளுக்குள் சிரித்துவிட்டு இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள். தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

அந்த அழுகையை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பவன் நான். பாரிசில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மூன்று நட்சத்திர ஹோட்டலில் பதினெட்டு வருடமாக இரவு ரிசெப்ஷன். அதற்கு முன் எல்லாரையும் போல ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன். ஹோட்டல் பெயர் சொல்ல மாட்டேன். முதலாளிக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனால் லாச்சப்பலில் (இங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி) யாராவது வாசித்துவிட்டு அவரிடமே போய்ச் சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலிலேயே ஒன்று: எனக்கு அமெரிக்கர் மேல் கோபம் கிடையாது. "வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து" என்று ஒருவரும், "அமெரிக்காவைத் திட்டுவதே ஃபாஷன்" என்று இன்னொருவரும் வருவீர்கள் என்று தெரியும், ஆகவே சொல்லி வைக்கிறேன். காசு கணக்கில் பார்த்தால் எனக்கு அவர்களைத்தான் பிடிக்கும். பெட்டியை நாலு மாடி தூக்கிக்கொடுத்தால் பிரெஞ்சுக்காரர் நன்றி சொல்வார். அமெரிக்கர் நன்றியும் சொல்லி ஐந்து யூரோவும் வைப்பார். வேண்டாம், இங்கே சாப்பாட்டுக்கடை பில்லிலேயே சேவைக் கட்டணம் சேர்ந்துதான் இருக்கிறது, பதினைந்து இருபது வீதம் மேலே வைக்கத் தேவையில்லை என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டார்கள். அவர்கள் நாட்டில் டிப்ஸ் வாங்கும் வேலையாளுக்கு மத்திய அரசின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2.13 டொலர். 1991இலிருந்து அதே தொகை. அப்படி ஒரு ஊரில் வளர்ந்தவர் மேசையில் காசு வைக்காமல் எழுந்துபோனால் இரவு நித்திரை வராது.

முறைப்பாடுகளிலும் பாதி இப்படித்தான். கழிப்பறைக் காசை எடுங்கள். ரயில் நிலையத்தில் காசு கொடுத்துத்தான் போக வேண்டும் என்றால் அமெரிக்கருக்கு முகம் சிவந்துவிடும். கஞ்சத்தனம் என்று நானும் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அங்கேயும் ஒரு காலத்தில் காசு போட்டுத் திறக்கும் கதவுகள்தான் இருந்தனவாம். 1970இல் ஒஹாயோவில் பள்ளி மாணவர்கள் சிலர் அதை ஒழிக்க ஒரு சங்கமே தொடங்கி, 1973இல் சிக்காகோ தடை செய்து, பிறகு மாநிலம் மாநிலமாகத் தடை வந்தது. அவர்கள் போராடி முடித்துவிட்ட விஷயத்துக்கு நாம் இங்கே சில்லறை கேட்கிறோம். (பாரிஸ் தெருவோரத்தில் நிற்கும் சாம்பல் நிறக் கழிப்பறைப் பெட்டிகள் 2006இலிருந்து இலவசம். அதைச் சொன்னால் "அதற்குள் யார் போவது?" என்பார்கள். அது நியாயமான கேள்வி.)

ஐஸ் கதை இன்னும் பழையது. நான் இங்கே வருவதற்கு முன் ஏஜென்சிக்காரனை நம்பி ஏழு மாதம் சென்னையில் திருவல்லிக்கேணி லாட்ஜில் கிடந்தேன். பொழுது போகாவிட்டால் கடற்கரைக்கு நடப்போம். வழியில் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு வட்டமான கட்டிடம். இப்போது விவேகானந்தர் இல்லம். ஏன் அந்தப் பெயர் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பாஸ்டன்காரர் ஃபிரெடெரிக் டியூடர் மாசசூசெட்ஸ் குளங்களில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் அதை இறக்கி வைக்க 1842இல் கட்டியதுதான் அந்தக் கட்டிடம். மெரினா வரைக்கும் ஐஸ் அனுப்பிய சாதி, பாரிஸ் கஃபேயில் கொக்கோகோலாவுக்குள் இரண்டே இரண்டு கட்டியைப் பார்த்தால் என்ன நினைக்கும்? பணியாளர் ஏதோ திருடிவிட்டார் என்றுதான் நினைக்கும்.

மற்றவை சின்ன விஷயங்கள். முகம் துடைக்கும் குட்டித் துவாய் அறையில் இல்லை. லிஃப்டில் ஆள் போனால் பெட்டி போகாது, பெட்டி போனால் ஆள் போகாது. (லிஃப்ட் இல்லாத காலத்துக் கட்டிடம். படிக்கட்டு சுற்றிப்போகும் நடு இடைவெளியில் பின்னாளில் செருகியது.) முதலாம் மாடி என்று சொல்லி ஏன் இரண்டாவது தட்டுக்கு அனுப்பினாய் என்று கேட்பவருக்கு, நிலத்தளம் பூச்சியம் என்று விளக்க வேண்டும். அறை சின்னது என்பார்கள். மூன்று நட்சத்திரத்துக்கு இரட்டை அறை குளியலறையோடு சேர்த்து 13.5 சதுர மீட்டர் இருந்தால் சட்டத்துக்குப் போதும், எங்கள் முதலாளி 13.6 வைத்திருக்கிறார். 120 வோல்ட் தலைமயிர் நேராக்கியை வெறும் பிளக் மாற்றியோடு 230 வோல்ட்டில் செருகி, மாடி முழுக்கக் கரண்ட் போன இரவுகளை எண்ணி முடியாது.

ஆனால் ஏசி? அதில் எனக்கு மனம் மாறிவிட்டது. முதலில் நானும் உங்களைப் போலத்தான் சிரித்தேன்.

2019 யூலை. அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வயதான சோடி, நாலாம் மாடியில். ஃபீனிக்ஸ் என்றால் பாலைவனம், கோடையில் 43, 44 பாகை சர்வசாதாரணம். ஆகவே பாஸ்போட்டைப் பார்த்ததும், பரவாயில்லை, இவர்கள் தாங்குவார்கள் என்று நினைத்தேன். 24ஆம் திகதி இரவு இரண்டு மணிக்கு இருவரும் இறங்கி வந்தார்கள். மனுசன் சத்தம் போட்டார். ஒரு இரவுக்கு இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டை வாடகைக்கு விடுகிறீர்களா என்றார். கட்டிடம் உண்மையிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டுதான், சொல்லவில்லை. மனுசி ஒன்றும் பேசவில்லை. கீழே கல்தரை கொஞ்சம் குளிர்ச்சி. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

நான் வழக்கமான பாடத்தை ஒப்புவித்தேன். வெளிச்சுவரில் ஏசிப் பெட்டி மாட்ட நகரசபை அனுமதி வேண்டும். பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட பழைய கட்டிடம் இருந்தால் அதற்கென்று அரசு வைத்திருக்கும் கட்டிடக் கலைஞரும் சம்மதிக்க வேண்டும். கூரை துத்தநாகத் தகடு, பகல் முழுக்கச் சூடு வாங்கி இரவில் கீழே இறக்கும். ஹோட்டலில் இருந்த மின்விசிறி எல்லாம் மற்ற அறைகளுக்குப் போய்விட்டன. கடைகளிலும் தீர்ந்துவிட்டன. அப்போது மனுசி கேட்டார், "உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?" பதினெட்டு வருடத்தில் என் வீட்டைப் பற்றி ஒரு வாடிக்கையாளர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நான் ஆறாம் மாடி, லிஃப்ட் இல்லை, ஏசி இல்லை, ஒரு மின்விசிறி மகனின் அறையில் இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டினார். தான் ஓய்வுபெற்ற நர்ஸ் என்றும், தன் ஊரில் வெயில் வெளியே இருக்கும், தாங்கள் உள்ளே இருப்போம், இங்கேதான் அது கட்டிலுக்குள் வந்து படுக்கிறது என்றும் சொன்னார்.

மறுநாள் பாரிசில் 42.6 பாகை. 1947இலிருந்து இருந்த 40.4 என்ற சாதனை முறிந்தது. வேலைக்குக் கிளம்பும்போது மகனின் மின்விசிறியைக் கையில் எடுத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "நீங்கள் என்னையோ கட்டினீங்கள், ஹோட்டலையோ?" என்றா. பதில் சொல்லாமல் இறங்கி, போகிற வழியில் லாச்சப்பலில் எங்கட ஆள் ஒருவரின் மீன்கடைக்குப் போனேன்.

"அண்ணை, ஒரு பை ஐஸ் தாங்கோ."

"தம்பி, இது மீனுக்குப் போடுற ஐஸ். குடிக்கக் கூடாது."

"குடிக்கேல்லை அண்ணை, கால் வைக்க."

"ஆருக்கு?"

"ஒரு அமெரிக்கன் மனிசிக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு பை தந்தார். ஒன்றுக்குத்தான் காசு வாங்கினார்.

துடைக்கிற வாளி ஒன்றை நன்றாகக் கழுவி, தண்ணீரும் ஐஸும் போட்டு, நாலாம் மாடிக்குக் கொண்டுபோனேன். லிஃப்ட் அன்று வெக்கையில் நின்றுவிட்டிருந்தது. மற்றப் பை ஐஸை ஒரு தட்டத்தில் கொட்டி மின்விசிறிக்கு முன்னால் வைத்தேன். அறையில் லேசாக மீன் வாசம். மனுசி வாளிக்குள் காலை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மனுசன், முந்தின இரவு கத்தினவர், யன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் இருபது யூரோவை எதிர்பார்த்தேன் என்று யாரும் எழுத வேண்டாம். கொடுத்தார், வாங்கினேன், அது வேறு.

ஏன் எனக்கு மனம் மாறியது என்றால், 2003 ஓகஸ்ட். அப்போது ஒற்றை ஆளாக, அந்தக் காலத்துப் பணக்காரர் வேலைக்காரிக்குக் கட்டிவைத்த கூரையடி அறை ஒன்றில் இருந்தேன். இரவில் சுவரைத் தொட முடியாது. எனக்கு இளவயது, ஈரத் துவாயைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். பிரான்ஸ் முழுக்க அந்த வெக்கையில் ஏறக்குறைய 15,000 பேர் செத்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், தனியாக இருந்தவர்கள். ஊரே விடுமுறைக்குப் போயிருந்தது. பாரிசில் யாரும் கேட்டு வராத 57 உடல்களை தியே மயானத்தில் அடக்கம் செய்தபோது ஜனாதிபதி சிராக்கே வந்து நின்றார். அதை டிவியில் பார்த்தவன் நான். ஆகவே இங்கே யாராவது பிரெஞ்சுக்காரர் "ஏசி எங்கள் பழக்கமில்லை, நாங்கள் யன்னலைத் திறப்போம்" என்று பெருமையாகச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். இந்த விஷயத்தில் அமெரிக்கர் முறையிடும் தொனிதான் பிழை, விஷயம் பிழையில்லை. எல்லா வீட்டுக்கும் ஏசி போட்டால் கரண்டுக்கு எங்கே போவது, பூமி என்னாவது என்று கேட்பீர்கள். கேளுங்கள், நல்ல கேள்வி. நாலாம் மாடிக்கு வாளி தூக்கிவிட்டு வந்து கேளுங்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறுக்க முடியாத முறைப்பாடு அமெரிக்கரிடமிருந்து வருவதில்லை. ரொறன்ரோவிலிருந்து வருகிறது. மாமாவின் மகன் இரண்டு வருடத்துக்கு ஒருதரம் குடும்பத்தோடு வந்து என் 38 சதுர மீட்டர் வீட்டில் இறங்குவான். ஹோட்டல் எடுக்க மாட்டான். "என்னடா மச்சான், குசினிக்குள்ளயோ உடுப்புத் தோய்க்கிற மெசின்? காயவைக்கிற மெசின் இல்லையோ? இத்தனை வருசமா இருக்கிறாய், ஒரு கார் இல்லை, கனடாவுக்கு வந்திருக்கலாமே." பிள்ளைகள் குளியலறைக்குள் தொலைபேசி நனைந்துவிட்டது என்று அழும். அவன் மனைவி என் மனைவிக்குப் பாண் வெட்டக் கற்றுக்கொடுப்பா. 1999இல் இவனுடைய ஏஜென்சிக்குக் கட்ட நான் சீட்டுக் கழித்துக் கொடுத்த பிராங்க் காசு இன்னும் வரவில்லை. பிராங்கே இல்லாமல் போய்விட்டது, அவன் வாயில் அந்தக் கதையே வருவதில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வாசிப்பான் என்றுதான்.

சரி. அந்த அரிசோனா சோடி ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து முன்பதிவுத் தளத்தில் மதிப்புரை எழுதியிருந்தார்கள். அறை சின்னது, லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஏசி இல்லை, காலையில் முட்டை இல்லை, பாணும் குரோசோங்கும்தான். இரவு மேசையில் இருப்பவர் மீன்கடை ஐஸ் கொண்டுவந்து தருவார், அவருக்காக ஒரு புள்ளி கூடுதலாகப் போடுகிறோம். முதலாளி அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மீன்கடை ஐஸ் என்றால் என்ன? சுகாதாரப் பரிசோதகர் இதை வாசித்தால்?" என்று மட்டும் கேட்டார்.

மின்விசிறி இன்னும் ஹோட்டலில்தான் இருக்கிறது, இப்போது மூன்றாம் மாடியில். செப்டம்பரில் மகனுக்கு வேறொன்று வாங்கி, பில்லை ஹோட்டல் கணக்கில் போடலாமா என்று கேட்டேன். கோடை முடிந்துவிட்டதே என்றார்.