வாசகர் கேள்விகள்: சின்ன பிரஸ்ஸில் பெரிய ரிப் தட்டு

கேள்வி: 7075 அலுமினியக் கலவையில் 600 × 300 மி.மீ. ரிப் தட்டு (விலா போல் மேடுகள் எழும்பிய தட்டு) ஒன்றைச் சூட்டில் ஃபோர்ஜ் செய்ய (அச்சில் அழுத்தி உருவாக்க) வேண்டும். இருப்பது 3,000 டன் ஹைட்ராலிக் பிரஸ். போதுமா?

பதில்: ஒரே அழுத்தில் முடியாது. வெப் (ரிப்களுக்கு இடையிலுள்ள தட்டைப் பகுதி) மெல்லிதானால் உராய்வு ஏறும். சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் தேவை என்று வைத்தாலே ஏறக்குறைய 4,600 டன் வருகிறது. மேல் டையை (அச்சை) இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் பின்னால் ஷிம் தகடு வைத்து, அதை மட்டும் முன்னே நீட்டி அழுத்துங்கள். பிறகு ஷிம்மை மறுபாதிக்கு மாற்றுங்கள். லோடு சுமார் பாதியாகிவிடும். பில்லட்டின் (அழுத்தப்போகும் உலோகக் கட்டியின்) சூடு 400–430 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். 470-ஐ நெருங்கினால் கிரெய்ன் (உலோகத்தின் நுண்படிகம்) எல்லைகளில் உருகத் தொடங்கும் ஆபத்து உண்டு. டையையும் சூடாக்குங்கள். டை குளிர்ந்திருந்தால் முதலில் இறுகுவது மெல்லிய வெப்தான்.

கேள்வி: அப்படித்தான் செய்தோம். பிரிப்புக் கோட்டை ஒட்டி மடிப்பு விழுகிறது. ஏன்?

பதில்: அழுத்திய பக்கத்து உலோகம் அழுத்தாத பக்கம் தள்ளப்பட்டு, கோட்டருகே படியாக மேடு கட்டுகிறது. மறுபாதி இறங்கும்போது அந்தப் படி சாய்ந்து படுத்துக்கொள்கிறது, அதுதான் மடிப்பு. கோடு வெப்பின் நடுவே போகிறதா? அதைத் தடித்த ரிப்பின் மேல் நகர்த்துங்கள். டையின் பிரிப்பு விளிம்புக்கு நல்ல ரேடியஸ் கொடுங்கள். ஷிம்மை மெல்லிதாக்கி, சுற்றுகளைக் கூட்டுங்கள். ரிப் நிரம்பிய பின்னும் வெப்பை அழுத்திக்கொண்டே போனால் ரிப்பின் அடியிலும் மடிப்பு வரும். அதற்குப் பில்லட்டின் தடிமனைத்தான் திருத்த வேண்டும்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் காஸ்டிக் சோடாவில் முக்கி, கழுவி, நைட்ரிக் அமிலத்தில் கருமையை நீக்கிப் பாருங்கள். மடிப்பு கறுப்புக் கோடாகத் தெரியும். ஆழம் குறைவென்றால் அகலமாகத் தேய்த்து எடுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

ஒரு சிக்கல்: கடைசிச் சுற்றைப் பெயருக்குத் தொடாதீர்கள். சில சதவீதம் மட்டும் அழுத்தினால், பின்னால் வரும் சொல்யூஷன் ஹீட் ட்ரீட்மென்ட்டில் (வலுவூட்டுவதற்காக உயர் சூட்டில் வைத்து விரைந்து குளிர்விப்பதில்) கிரெய்ன் பெரிதாகிவிடக்கூடும்.

கேள்வி: இதே டையில் ஏஇசட்80 மெக்னீசியக் கலவை போடலாமா?

பதில்: ஆறும்போது சுருங்கும் அளவு ஒத்துவந்தால் போடலாம். மெதுவாக அழுத்துங்கள், வேகம் கூடினால் விரிசல் விடும். ஒவ்வொரு மறுசூட்டிலும் வெப்பநிலையைக் கொஞ்சம் இறக்குங்கள், கிரெய்ன் நுண்மையாக நிற்கும். தேய்த்த தூளை மட்டும் தனியே, உலர்ந்த இடத்தில் வையுங்கள். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது.