வேற்றுக்கிரகத்தார் இருந்தால் ஏன் வெளிப்படையாக வந்து பேசுவதில்லை? ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: நம்மைவிடப் பல மடங்கு முன்னேறிய வேற்றுக்கிரக நாகரிகங்கள் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அவர்கள் ஏன் மனிதர்களோடு வெளிப்படையாகத் தொடர்பு கொள்ளாமல் ஒதுங்கியிருக்க வேண்டும்?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், மனிதன் கெட்டவன், சண்டைக்காரன், அதனால் நம்மை வெறுத்து ஒதுக்குகிறார்கள் என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஊர்க்காரன் கெட்டவன் என்பதற்காக யாரும் அந்த ஊருக்குப் போகாமல் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. என் பதில் இது: மனிதகுலத்தோடு பேசுவதென்றால் எந்த வாசலைத் தட்டுவது? எதைத் தட்டினாலும் தட்டியவர் அந்த வீட்டுக் கட்சியில் சேர்ந்துவிடுவார். விவரம் தெரிந்தவர்கள் இதற்காகவே தள்ளி நிற்பார்கள்.

அதற்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு நாகரிகம் இருப்பதற்கு இன்றுவரை ஆதாரம் ஒன்றும் இல்லை. சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை 1995-ல் கண்டுபிடித்தார்கள். இப்போது வெளிக்கோள்களின் கணக்கு 6000-ஐத் தாண்டிவிட்டது. ஒன்றிலாவது உயிர் இருப்பது உறுதியாகவில்லை. பறக்கும் தட்டு வீடியோக்களை ஆராய நாசா அமைத்த குழு 2023 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. வேற்றுக்கிரகத்தோடு முடிச்சுப் போடும்படியான சான்று எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதை அத்தோடு விடுவோம்.

அப்புறம், ஒதுங்குவதென்றால் முதலில் நாம் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வானொலி, தொலைக்காட்சி அலைகள் கிளம்பி ஏறக்குறைய நூறு வருஷம்தான் ஆகிறது. ஆக, நூறு ஒளியாண்டுக்கு (ஒளி ஒரு வருஷத்தில் போகும் தூரம் ஒரு ஒளியாண்டு) அப்பால் இருப்பவர்களுக்கு அவை இன்னும் போய்ச் சேரவே இல்லை. பால்வெளியின் குறுக்களவோ சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. பெரும்பாலான நட்சத்திரங்களைப் பொறுத்தவரை நம்மை ஒதுக்குகிறார்களா என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லாரும் வேட்டைக்காரர்கள், அதனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பதுங்கியிருக்கிறார்கள் என்றொரு வாதம் இணையத்தில் ரொம்பப் பிரபலம். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்து 200 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. நல்ல தொலைநோக்கி வைத்திருப்பவர் யாரானாலும் தூரத்திலிருந்தே இங்கே ஏதோ உயிர் இருக்கிறது என்று ஊகித்துவிடலாம். வேட்டைக்காரர்கள் வருவதாக இருந்தால் டைனோசர் காலத்திலேயே வந்திருப்பார்கள். பதுங்க நமக்கு வழியே இருந்ததில்லை.

சரி, நூறு ஒளியாண்டுக்குள் பல ஆயிரம் நட்சத்திரங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் ஆள் இருக்கிறார்கள், நம் சத்தத்தைக் கேட்டும்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏன் வரவில்லை?

நான் ஆற்காட்டுக்காரன், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்கள் ஊர் நவாப் கதைதான். பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்று ஒரு வாசல் மட்டும் நிற்கிறது. பின்னால் இருந்த கோட்டை போய்விட்டது. வளைவுக்கு மேலே ஒரு சின்ன அறை, கிளைவ் அறை என்பார்கள். ஏறி நின்றால் எதிரே ஆறு. வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். வெளியிலிருந்து வந்த ஒரு சின்னக் கூட்டம் எப்படி ஒரு நாட்டின் தலையெழுத்தை மாற்றியது என்று யோசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

1749 ஆகஸ்ட் 3-ல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டார். பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டு சேர்த்துக்கொண்டார். அன்வருதீனின் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடிப்போய் இங்கிலீஷ்காரர்களிடம் உதவி கேட்டார். 1751-ல் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியர்களோடும் 300 சிப்பாய்களோடும் வந்து ஆற்காட்டுக் கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். அடுத்த வருஷம் சந்தா சாகிப்பின் தலை போனது. முகமது அலி நவாப் ஆனார். வாலாஜாப்பேட்டை அவர் பெயரில் உள்ள ஊர்தான்.

இதுவரை உதவி. இனிமேல்தான் கதை. படைச் செலவுக்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு ஈடாக வரி வசூலிக்கும் உரிமை. கடன் கொடுத்தவர்களில் பலர் கம்பெனியிலேயே சம்பளம் வாங்கிய மதராஸ் உத்தியோகஸ்தர்கள். விவகாரம் முற்றி, 1785-ல் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி லண்டன் பாராளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றும் அளவுக்குப் போனது. 1801-ல் நவாப் ஆண்ட கர்நாடக நாட்டின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) நிர்வாகம் முழுக்கக் கம்பெனி கைக்கு வந்துவிட்டது. நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் ஓய்வூதியமும்.

இதில் நான் கவனிப்பது ஒன்றுதான். 500 பேர் வந்து நாட்டைப் பிடித்ததாக நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த 500 பேருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் உள்ளூர்க்காரர். பிரெஞ்சுக்காரர்களுக்குக் கதவைத் திறந்தவரும் உள்ளூர்க்காரர்தான். துணி வாங்க வந்த வியாபாரிகள் சண்டையில் ஒரு கட்சி ஆனார்கள், அப்புறம் அதிலிருந்து வெளியே வர அவர்களுக்கு மனசும் இல்லை, வழியும் இல்லை. கடைசியில் கம்பெனியும் மிஞ்சவில்லை. 1858-ல் அதன் ஆட்சியை அவர்கள் ராணியே எடுத்துக்கொண்டார்.

இப்போது நூறு ஒளியாண்டு தள்ளி இருப்பவர் நிலையிலிருந்து பாருங்கள். ஆயுதம் கொடுக்க வேண்டாம், மருந்து கொடுக்க வேண்டாம். ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனத்துக்கு மட்டும் ஒரு வணக்கம் சொன்னால் போதும். மறுநாள் அந்த நாடு தன்னை உலகத்துக்கே மூத்த பிள்ளையாக நினைத்துக்கொள்ளும். பக்கத்து நாடு ராணுவச் செலவை இரட்டிப்பாக்கும். வணக்கம் சொன்னவர் எதுவும் செய்யாமலேயே இங்கே ஒரு முகமது அலியும் ஒரு சந்தா சாகிப்பும் உருவாகிவிடுவார்கள்.

ஐக்கிய நாடுகள் சபை இருக்கிறதே என்பீர்கள். 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் தங்கத் தகடு வைத்து அனுப்பினார்கள். அதில் மனிதகுலத்தின் சார்பில் வாழ்த்துச் சொன்னவர் அப்போதைய ஐநா பொதுச்செயலாளர் கர்ட் வால்ட்ஹைம். இரண்டாம் உலகப் போரில் அவர் ஹிட்லரின் ராணுவத்தில் பால்கன் பகுதியில் அதிகாரியாக இருந்ததை மறைத்திருந்தார் என்பது 1986-ல் வெளியே வந்தது. தகடு அதற்குள் வியாழனையும் சனியையும் தாண்டிவிட்டது. திருப்பி வாங்கவும் முடியாது. (அதே தகட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது, தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, தமிழ் கிடையாது. சித்தூர் எல்லையில் இருக்கும் எங்கள் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் தெலுங்கு பேசுகிறவர்கள் சிரிப்பார்கள், தமிழ் பேசுகிறவர்கள் நாசாவுக்குக் கடிதம் போட வேண்டும் என்பார்கள். வேற்றுக்கிரகத்தார் வருவதற்கு முன்பே சண்டை ஆரம்பம்.)

1974 நவம்பர் 16-ல் அரசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 நட்சத்திரக் கொத்தை நோக்கி ஒரு செய்தி அனுப்பினார்கள். யாரைக் கேட்டு அனுப்பினார்கள்? தொலைநோக்கி கையில் இருந்தது, அனுப்பினார்கள். பிரிட்டனின் அரச வானியலாளர் மார்ட்டின் ரைல் எதிர்ப்புத் தெரிவித்தார். 1989-ல் சர்வதேச விண்வெளி ஆய்வுக் கழகம் ஒரு கொள்கை அறிக்கை கொண்டுவந்தது: சிக்னல் வந்தால் சரிபார்த்து உலகத்துக்குச் சொல்ல வேண்டும், சர்வதேச ஆலோசனை இல்லாமல் பதில் அனுப்பக் கூடாது. நல்ல விஷயம்தான். ஆனால் மீறினால் தண்டனை ஒன்றும் கிடையாது. 2010-ல் ஐநா விண்வெளி அலுவலகத்தின் தலைவர் மஸ்லான் ஒத்மானை வேற்றுக்கிரகத்தாருக்கான தூதராக நியமிக்கப் போகிறார்கள் என்று லண்டன் பத்திரிகைச் செய்தி ஒன்று பரவியது. அவரே அதை மறுத்துவிட்டார். அந்த நாற்காலியில் இன்றுவரை ஆள் இல்லை.

நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதுண்டு. ஆலங்காயம் தாண்டி மலை ஏறும்போதே வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து வெளிச்சம் பின்னால் மங்கிவிடும். குவிமாடத்துக்கு வெளியே வரிசையில் நிற்கையில் ஒரு பையன் கேட்டான், "சார், அவங்க இங்கயே வந்து எறங்கிட்டா யாருகிட்ட சார் பேசுவாங்க?" பின்னால் இருந்த ஒருத்தி, "திங்கக்கெழம மனு குடுப்பாங்கடா, கலெக்டர் ஆபீஸ்ல" என்றாள். "எந்தக் கலெக்டர்?" என்று இன்னொருவன். கேள்வி நியாயமானது. 1968-ல் அங்கே வேலை தொடங்கியபோது அந்த மலை வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், பிறகு வேலூர் மாவட்டம் ஆனது, 2019-க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். தொலைநோக்கி நின்ற இடத்திலேயே நிற்கிறது. வானத்திலிருந்து இறங்குகிறவர் எந்தக் காவல் நிலைய எல்லை என்று தீர்வதற்குள் திரும்பிப் போய்விடுவார்.

தள்ளி நின்று பார்ப்பது என்பதை விஞ்ஞானிகளும் யோசித்திருக்கிறார்கள். 1973-ல் ஜான் பால் என்பவர் மிருகக்காட்சிசாலைக் கருதுகோள் என்று எழுதினார்: நம்மைத் தொந்தரவு செய்யாமல் வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. நடைமுறையில் இதைச் செய்துகொண்டிருப்பது நம் அரசாங்கமே. அந்தமானில் 1858-ல் பிரிட்டிஷார் கைதிகள் குடியேற்றம் அமைத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள், நோயும் சாவுமாக, 1961 கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்திருந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், வெளியாரோடு ஒட்டாத பழங்குடி மக்கள் வாழும் அங்குள்ள வடக்கு சென்டினல் தீவை அதன் போக்கில் விட்டுவிடுவது என்ற முடிவு. நடுவில் தேங்காய் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிப் பார்த்தார்கள். 1991-ல் அந்த மக்கள் கைநீட்டி வாங்கவும் செய்தார்கள். இருந்தும் சில வருஷத்தில் அந்தப் பயணங்களை நிறுத்திவிட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பிழைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஹெலிகாப்டர் போனது. கடற்கரையில் ஒருவர் அதை நோக்கி வில்லை இழுத்து நின்றார். ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு திரும்பிவிட்டார்கள். அவ்வளவுதான், தொடர்பு முடிந்தது. நல்லெண்ணத்தோடு போனாலும் கூடவே தட்டம்மை போகும் என்பது தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

ஆனால் இந்தத் தீவுதான் என் பதிலுக்கே ஆப்பு வைக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1956-லேயே பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2018-ல் ஒரு அமெரிக்கர் மீனவர்களுக்குப் பணம் கொடுத்து, ராத்திரியோடு ராத்திரியாகத் தீவுக்குப் போய்ச் செத்தார். வேலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தாண்ட ஒருவன் வருவான். 1975-ல் மைக்கேல் ஹார்ட் என்ற வானியற்பியலாளர் வைத்த வாதத்தின் சாரமும் இதுதான்: ஒரு நாகரிகம் கட்டுப்பாட்டோடு இருக்கலாம், ஆயிரம் நாகரிகங்கள் இருந்தால் ஆயிரமும் எல்லாக் காலத்திலும் அதே கட்டுப்பாட்டோடு இருக்குமா? மதம் பரப்ப, படம் பிடிக்க, சும்மா வேடிக்கை பார்க்க என்று ஒருவராவது வந்திருப்பார். யாரும் வரவில்லை என்றால் ஆட்கள் ரொம்பக் குறைவு, அல்லது ரொம்பத் தூரம். வாசல் தெரியாத காரணம் ஒன்றிரண்டு அயலாருக்குப் பொருந்தும், ஒரு பெரிய கூட்டத்துக்குப் பொருந்தாது.

அந்த ஒன்றிரண்டு பேருக்கு நம்மோடு பேச ஆசை வந்தால் என்ன செய்வார்கள்? நானாக இருந்தால் இறங்கவே மாட்டேன். ஆண்டெனா வைத்திருக்கும் எல்லா நாட்டுக்கும் கேட்கிற மாதிரி ரேடியோவில் விடாமல் பேசுவேன். நவாப் என்று யாரும் முளைக்க முடியாது. பூமி சுற்றுவதால் ஒரு நாளில் ஏறக்குறைய எல்லாப் பக்கத்துக்கும் முறை வரும். அந்தப் பேச்சு இப்போது நமக்கு வந்து சேர வேண்டும் என்றால் பேசுகிறவர் ஐம்பது ஒளியாண்டுக்குள் இருக்க வேண்டும்: நம் சத்தம் போக ஐம்பது வருஷம், பதில் வர ஐம்பது வருஷம். எம்13-க்குப் போன அரசிபோ செய்திக்குப் பதில் வர ஏறக்குறைய 50,000 வருஷம் ஆகும், அதை மறந்துவிடலாம்.

1960-ல் அமெரிக்க வானியலாளர் பிராங்க் டிரேக் முதன்முதலாக ரேடியோவில் காது வைத்துக் கேட்டது டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களை. ஒன்று சுமார் 12 ஒளியாண்டு, இன்னொன்று பத்தரை. டிசம்பர் மாதம் இரவு எட்டு மணி வாக்கில் வேலூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே நல்ல உயரத்தில் டௌ செட்டி வெறும் கண்ணுக்கே தெரியும், தெருவிளக்கு இல்லாவிட்டால். நம் பழைய தொலைக்காட்சி அலைகள் அங்கே போய்ப் பதில் திரும்பி வர 24 வருஷம் போதும். இத்தனை காலத்தில் இரண்டு மூன்று முறை கேள்வி பதில் நடந்திருக்கலாம். ஒரு சத்தமும் இல்லை. அங்கே இருப்பவர்கள் ஆற்காட்டுக் கதை தெரிந்த புத்திசாலிகளாக இருக்கலாம், அல்லது ஆளே இல்லாமலும் இருக்கலாம். பந்தயம் கட்டச் சொன்னால் நான் இரண்டாவதன்மேல்தான் கட்டுவேன்.