கட்சிக்கு எதிராக எத்தனை தடவை?

வாசகர் கேள்வி – பதில்

நெடுங்கேணி வாசகர்: எங்கள் எம்.பி. தன் கட்சிக்கு எதிராக எத்தனை தடவை வாக்களித்தார் என்று நாங்களே கணக்குப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். இலங்கைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சாட், அதாவது சபையில் நடந்தவற்றின் அதிகாரபூர்வப் பதிவு, நாள்வாரியாக இருக்கிறது. ஒரு கொப்பியில் நான்கு நிரல் கீறுங்கள்: திகதி, விடயம், கட்சியில் பெரும்பாலானோர் நின்ற பக்கம், உங்கள் எம்.பி. நின்ற பக்கம். கடைசி நிரலில் ‘சார்பு’, ‘எதிர்’, ‘பெயர் இல்லை’ என்ற மூன்றில் ஒன்றை எழுதினால் போதும். வரவு செலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பும் மூன்றாம் வாசிப்பும் வேறு வேறு வாக்கெடுப்புகள். ஒன்றில் எதிர்த்துவிட்டு மற்றதில் ஆளைக் காணாமல் போகலாம் என்பதால் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

சபாநாயகர் முதலில் குரலைக் கேட்டுத்தான் முடிவைச் சொல்வார். உறுப்பினர் ஒருவர் வாக்கெடுப்புக் கேட்டால்தான் மணி அடித்து, யார் எந்தப் பக்கம் என்று பெயர் பதிவாகும். வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறும் சட்டமூலங்களும் உண்டு. அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே கட்சியோடு நின்றார் என்றும் சொல்ல முடியாது, எதிர்த்தார் என்றும் சொல்ல முடியாது.

கணக்குப் பிழைப்பது வகுக்கும் இடத்தில்தான். 48 வாக்கெடுப்பு நடந்தது, அவர் 30 இல் வாக்களித்தார், அதில் 3 கட்சிக்கு எதிர் என்று வைப்போம். 3 ஐ 48 ஆல் வகுத்தால் 6.25 சதவீதம், 30 ஆல் வகுத்தால் 10 சதவீதம். 10 தான் சரி. பெயர் இல்லாத 18 ஐயும் கட்சி விசுவாசத்தில் சேர்த்தால் ஆளின் உண்மை நிறம் மறைந்துவிடும். அந்த 18 ஐயும் அன்றைய வரவோடு ஒப்பிடுங்கள். காலையில் சபையில் பேசியிருக்கிறார், பின்னேர வாக்கெடுப்பில் பெயர் இல்லை என்றால் அந்த வரிக்குச் சிவப்புக் கோடு போடுங்கள். கட்சியோடு முரண்பட்டவர் எதிர்த்து வாக்களிப்பதைவிட எழுந்து வெளியே போவதே இங்கே சுலபமான வழி.

மடு வாசகர்: வெளியே போவதும் எதிர்த்து வாக்களிப்பதும் ஒன்றுதானே?

சாதாரண சட்டமூலத்தில் ஒன்றல்ல. வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மைதான் கணக்கு. போனவர் எந்தப் பக்கத்துக்கும் பாரம் இல்லை. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மொத்த 225 பேரில் மூன்றில் இரண்டு, அதாவது 150 வேண்டும். வராதவரும் அதில் அடக்கம். ஆகவே அங்கே கதிரை வெறுமையாக இருந்தாலே எதிர்வாக்கின் பலன்தான். 2022 ஒக்டோபர் 21 இல் 21ஆவது திருத்தத்துக்கு 179 பேர் சார்பு, எதிர்த்தவர் சரத் வீரசேகர ஒருவர் மட்டுமே; நாற்பதுக்கு மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை.

மாறி வாக்களிப்பதன் பெறுமதிக்கு 2020 இன் 20ஆவது திருத்தத்தைப் பாருங்கள். சார்பாக விழுந்தவை 156. அதில் 8 எதிரணி உறுப்பினர்களுடையவை. அந்த 8 ஐக் கழித்தால் 148, திருத்தம் நிறைவேறியிராது.

வவுனியா வாசகர்: இந்தியாவில் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகுமாம். இங்கே?

இரண்டும் வேறு. இந்தியாவில் 1985 இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சி உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ வாக்களிக்காமல் விட்டாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியிழப்புக்கு அதுவே காரணம். தீர்ப்பு சபாநாயகர் கையில்.

எங்கள் அரசியலமைப்பின் 99(13) ஆவது உறுப்புரை வாக்கைப் பற்றிப் பேசவில்லை, கட்சி உறுப்புரிமையைப் பற்றித்தான் பேசுகிறது. கட்சி நீக்கினால் ஒரு மாதத்துக்குள் அவர் உயர் நீதிமன்றம் போகலாம். போகாவிட்டால் ஆசனம் வெற்றிடம். போனால், நீக்கம் முறையாக நடந்ததா என்று நீதியரசர்கள் பார்ப்பார்கள். விளக்கம் கேட்காமல், விசாரணை வைக்காமல் அவசரப்பட்டு நீக்கும் கட்சி அங்கே தோற்கலாம். தன் எம்.பி. நசீர் அஹமட்டை நீக்கிய விடயத்தில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் வென்றது. கட்சி முடிவை மீறி 2022 வரவு செலவுத் திட்டத்துக்குச் சார்பாக அவர் வாக்களித்தது 2021 நவம்பரில். நீக்கம் செல்லும் என்ற தீர்ப்பு வந்தது 2023 ஒக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் அவர் அமைச்சராகவும் இருந்தார். இந்தத் தாமதம் வாக்காளருக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

மாங்குளம் வாசகர்: வன்னியின் 6 எம்.பி.க்களையும் இந்த விகிதப்படி வரிசைப்படுத்தலாமா?

வேண்டாம். 2024 தேர்தலில் சங்குச் சின்னத்தில் (ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி) வந்தவரும் இலங்கை தொழிற் கட்சியில் வந்தவரும் தத்தம் கட்சியின் ஒரேயொரு உறுப்பினர்கள். அவரவர் வாக்கே கட்சியின் வாக்கு என்பதால் விகிதம் எப்போதும் பூச்சியம்தான். 159 பேர் கொண்ட தேசிய மக்கள் சக்தியின் இருவரோடு அவர்களை ஒப்பிட்டால் கணக்குக்கு அர்த்தமில்லை. கூட்டுச் சின்னத்தில் வந்தவருக்கு இன்னொரு சிக்கல்: சட்டம் பார்ப்பது யாருடைய வேட்புமனுவில் பெயர் இருந்தது என்பதை. அவர் சொந்தக் கட்சியின் முடிவு வேறாக இருக்கலாம். அப்படியானவருக்குச் சொந்தக் கட்சியின் முடிவை எழுத ஐந்தாவது நிரல் ஒன்றும் கீறுங்கள்.

தன் எம்.பி. வன்னிப் பட்டியலில் வருவாரா என்று கேட்ட முழங்காவில் (கிளிநொச்சி) வாசகருக்கு: கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அடங்கும். உங்கள் எம்.பி.யை அந்தப் பட்டியலில் தேடுங்கள்.