பத்து நாளும் பத்துக் கைவேலையும்

அன்புள்ள அக்கா,

இந்த மே மாதம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பத்து நாள் ஓவிய முகாம் நடத்தலாம் என்றிருக்கிறேன். மொட்டைமாடியில் பந்தல் போட்டுவிடலாம். இருபது பேர் வருவார்கள். முதல் நாள் பானை ஓவியம், அடுத்த நாள் காகிதத்தைச் சுருட்டி ஒட்டும் குவில்லிங், அதற்கடுத்து கண்ணாடி ஓவியம் என்று நாளுக்கு ஒன்றாகப் பட்டியல் போட்டிருக்கிறேன். கடைசி நாள் கண்காட்சி. எனக்கு முறையான பயிற்சி கிடையாது, ஆர்வம்தான். இலவசமாக நடத்தவா, கட்டணம் வாங்கவா? புதுக்கோட்டையில் நீங்கள் சில வருஷம் நடத்தியதாக எழுதியிருந்தீர்களே, அதனால் கேட்கிறேன்.

ச., கரூர்

அன்புள்ள ச.,

முதலில் மொட்டைமாடியை விட்டுவிடுங்கள். கத்திரி வெயிலில் கரூர் மாடியில் ஒன்பது மணிக்கு மேல் பந்தலுக்குக் கீழேயும் உட்கார முடியாது. கீழே ஹாலோ கார் நிறுத்தும் இடமோ போதும். காலை ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இருபது பேரும் வேண்டாம். ஒரு ஆள் பன்னிரண்டு பிள்ளைகளைச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் படம் பார்க்க நேரமிருக்காது, பஞ்சாயத்துதான். கட்டணம் வாங்குங்கள். இலவசம் என்றால் பாதிப் பேர் மூன்றாம் நாள் அத்தை வீட்டுக்குப் போய்விடுவார்கள். கொடுக்க முடியாத வீடு எது என்று தெருக்காரரான உங்களுக்கே தெரியும், அங்கே கேட்காதீர்கள்.

இப்போது அந்தப் பட்டியல். என் முதல் வருஷமும் இப்படித்தான் போனது. பத்து நாளுக்குப் பத்துக் கைவேலை, கடையில் ஒரு மூட்டைச் சாமான். பிள்ளைகள் இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்: "ஆன்ட்டி, அடுத்து என்ன?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியது. எல்லாருடைய பானையும் ஒன்றுபோல இருந்தது, ஏனென்றால் எல்லாமே என் பானை.

அடுத்த வருஷம் இரண்டே சாமான். ஐந்து நாள் களிமண், ஐந்து நாள் வண்ணம். மண்ணைக் குயவர் வீட்டில் கேட்டு வாங்கினேன், பிசைந்ததாகவே கொடுத்தார்கள். ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் வாரம் முழுக்கக் கெடாது.

எட்டு வயசுப் பையன் ஒருவன் அய்யனார் குதிரை செய்கிறேன் என்று உட்கார்ந்தான். அறந்தாங்கிப் பக்கம் கோயில் வழியில் வரிசையாக நிற்குமே, அந்தக் குதிரை. முதல் நாள் கால்கள் பென்சில் மாதிரி. உடம்பை மேலே வைத்ததும் நான்கும் மடங்கிக் குதிரை படுத்துவிட்டது. இரண்டாம் நாள் உடம்பைச் சின்னதாக்கினான், அப்போதும் நிற்கவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது, பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், கால்களை உரல் மாதிரி தடிமனாக உருட்டினான். குதிரை நின்றது. "கோயில்ல ஏன் அவ்வளவு குண்டுக் காலுன்னு இப்ப தெரியுது" என்றான். நாளுக்கு ஒரு கைவேலை என்றால் அவன் படுத்த குதிரையோடு வீட்டுக்குப் போயிருப்பான்.

பயிற்சி இல்லை என்று கவலைப்படாதீர்கள். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட வேண்டும் என்று 1897-லேயே வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஷெக் என்ற ஓவியர் அவர்களுக்கென்று வகுப்பு தொடங்கியிருக்கிறார். பார்த்து வரையச் சொல்வது அங்கே கிடையாது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் தாளில் உங்கள் பென்சில் படக் கூடாது. முதல் நாள் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை வரும். வரட்டும். மூன்றாம் தாளில் அது தீர்ந்துபோகும்.

வண்ணத்துக்குப் போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை போதும். ஒரு நாள் அடுப்பங்கரையைத் திறந்துவிடுங்கள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் சிவப்பாகும், ஆரத்தித் தட்டில் தினமும் பார்த்ததுதான், ஆனாலும் தானே கலக்கும்போது கத்துவார்கள். செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தும் பார்க்கட்டும். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும், அதையும் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குத் தொல்லை பெற்றோரிடமிருந்துதான் வரும். ஒரு குட்டிப் பெண் குளம் வரைந்தாள். மீன், தாமரை, எருமை எல்லாம் முழுசாகத் தெரிந்தன. "தண்ணிக்குள்ள இருக்கற மீன் எப்படிடீ தெரியும்?" என்று அவள் அம்மா அழிப்பானை எடுத்துவிட்டார். சித்தன்னவாசல் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே விதானத்தில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்த தாமரைக் குளத்திலும் மீன்கள் தெரிகின்றன, எருமையும் யானையும் நிற்கின்றன என்றேன். அழிப்பான் பைக்குள் போனது.

கண்காட்சி வைத்தால் கடைசி இரண்டு நாளும் அதற்கான வேலையாகிவிடும். நான் வைப்பதில்லை. சுடாத மண் பொம்மைகளை நிழலில் காயவைத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். குதிரைக்காரன் மட்டும் அதை எங்கள் துளசி மாடத்திலேயே விட்டுப்போனான், ஆடி மழையில் கரைந்தது.

அப்புறம் ஒன்று, மறந்துவிடாதீர்கள். மண் கையைக் குழாயடியில் கழுவ விடாதீர்கள். இரண்டு வாளி வைத்து அதில் கழுவச் சொல்லுங்கள், மண் அடியில் படிந்ததும் தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். அந்த வருஷம் வசூலான கட்டணத்தில் பாதி பிளம்பருக்குத்தான் போனது.